பூச்சயா, பூச்சியா?

எங்கள் வீடு கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் பாதி மலையாளம். மகளுக்கு மூன்று வயது முடிந்ததும் பக்கத்தில் ஒரு நர்சரியில் விட்டோம். இரண்டாவது வாரமே டீச்சர் என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்குப் பூனைகூட அடையாளம் தெரியவில்லை, வீட்டில் படப்புத்தகம் எதுவும் காட்டுவதில்லையா என்று கேட்டார். அழுகையே வந்துவிட்டது. ஒரு வயதிலிருந்து தினம் ராத்திரி புத்தகம் காட்டித்தான் தூங்க வைக்கிறேன், எங்கள் வாசலிலேயே இரண்டு பூனைகள் படுத்துக் கிடக்கும்.

அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்து சாயங்காலம் திண்ணையில் விரித்தேன். பக்கம் முழுக்க ஒரு மஞ்சள் பூனை. "டீச்சர் என்ன கேட்டாங்க கண்ணு?" என்றேன். "பூச்ச எவிடேன்னு கேட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே, பூனை வாலுக்குப் பக்கத்தில், புல்லுக்குள், மிளகு அளவுக்கு வரைந்திருந்த ஒரு சிவப்பு வண்டின்மேல் விரலை வைத்தாள். மலையாளத்தில் பூச்ச என்றால் பூனை. அவள் காதில் அது பூச்சியாக விழுந்திருக்கிறது. அவ்வளவு பெரிய பூனையைத் தாண்டி அந்தப் பொட்டு வண்டைத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளையைத்தான் ஒன்றும் தெரியாதவள் என்றார்கள். அவள் விரல் வைக்கும்வரை அந்த வண்டு என் கண்ணிலும் படவில்லை.

இதற்கு அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. பயந்துபோய் தமிழில் கதை சொல்வதையே நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில், இது ஆன, இது முயல், இது தத்த என்று பாடம் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நான்கைந்து மாதத்தில் அவள் புத்தகத்தை எடுத்தாலே மூடி வைக்க ஆரம்பித்துவிட்டாள். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து என் அம்மா வந்து தங்கியபோதுதான் மாறியது. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்தும் ஒன்றுதான் மலையாள எழுத்தும் ஒன்றுதான், அதனால் நேராகப் படத்துக்குப் போய்விடுவாள். "என்ற சாமி, இது யாரூட்டுப் பூனை? இந்நேரத்துக்கு எங்க போவுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். உடனே பதில் வராது. அவளும் அவசரப்படுத்த மாட்டாள், பேத்தி வாய் திறக்கும்வரை பக்கத்தைத் திருப்பவே மாட்டாள். ஒரே பக்கத்தில் அரை மணி நேரம் போகும். நான் பத்து நிமிஷத்தில் மொத்தப் புத்தகத்தையும் முடித்துவிட்டு நல்ல தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்களுக்கு ரொம்ப உதவுவது ஸ்டோரிவீவர். குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் 2015இல் ஆரம்பித்த இணையதளம், இலவசம். ஒரே கதை அதே படங்களோடு பல மொழிகளில் இருக்கும். தமிழ், மலையாளம் இரண்டிலும் உள்ளதாகப் பார்த்து இறக்கி, பிரிண்ட் எடுத்து வைத்துவிடுவேன். கதைகளை நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நிலையே போதும், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். முதலில் அமுச்சி (என் அம்மாவை மகள் அப்படித்தான் கூப்பிடுவாள்) சொல்லும் கதை, அப்புறம் தமிழ், மலையாளம் கடைசியில். இந்த வரிசையை மட்டும் நான் மாற்றுவதில்லை, ஏனென்றால் கதை பிடித்துப்போனால் வார்த்தையை அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

ஜூன் 19, கேரளத்தில் நூலகங்கள் பரவப் பாடுபட்ட பி.என். பணிக்கர் மறைந்த நாள், இங்கே வாயனா தினம், அதாவது வாசிப்பு நாள். இந்த வருஷம் அன்றைக்கு வீட்டுப் பெரியவர்கள் வந்து கதை சொல்லலாம் என்று நர்சரியில் சொன்னார்கள். அம்மாவைக் கூட்டிப்போனேன். அதே மஞ்சள் பூனைப் புத்தகம். சுற்றிலும் மலையாளக் குழந்தைகள், அம்மா பாட்டுக்குப் பொள்ளாச்சித் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறாள். அவள் பூனை என்னும்போதெல்லாம் பக்கத்தில் நின்ற என் மகள் "பூச்ச" என்று எடுத்துக்கொடுத்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து வந்து புல்லுக்குள் விரலை வைத்து, "அம்மம்மே, இதெந்தா?" என்று கேட்டான்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அது பூச்ச இல்ல, பூச்சி."