குஸ்கோவில் ஒரு நாள் நடை: இந்த வழி சரியா?

பெரு போய் வந்தவங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். போய் இறங்கின அன்னிக்கே மேடு ஏறினா தலைவலி, மூச்சிரைப்பு வரும்னு மூணாவது நாள்தான் நடை.

சக்சய்வாமன் கோட்டைக்கு டாக்சி. அங்கிருந்து இறக்கமா நடந்து சான் பிளாஸ் பகுதி, அப்புறம் ஆத்துன் ருமியோக் தெரு. சாந்தே இல்லாம, பக்கத்துக் கல்லோட கத்திமுனை நுழையாம பொருந்தின இன்கா காலத்துப் பன்னிரண்டு மூலைக் கல் அந்தத் தெருவிலதான். கடைசியா கொரிகாஞ்சாங்கிற இன்கா சூரியக் கோவில், அதுக்குத் தனி டிக்கெட்.

ரெண்டு சந்தேகம். கோட்டை வாசல்ல ஒரு நாள் பகுதி டிக்கெட்டுக்கு (சில இடங்களுக்கு மட்டும் செல்றது) கார்டு எடுப்பாங்களா, ரொக்கம் மட்டும்தானா? போறது ஜனவரி, மழைக்காலம். முட்டிவலி இருக்கிற அம்மாவுக்கு கோட்டையிலிருந்து இறங்குற வழுக்குக் கல் படி ஒத்துவருமா, இல்ல சான் பிளாஸ் வரைக்கும் டாக்சியே நல்லதா?