நிகரகுவா வழக்கு: நிறைவேறாத தீர்ப்பால் என்ன பயன்?

கேள்வி:
நிகரகுவாவின் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததும், கான்ட்ரா கிளர்ச்சிப் படைக்குப் பயிற்சியும் ஆயுதமும் பணமும் கொடுத்ததும் சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 1986 ஜூன் 27 அன்று அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவோ முந்தைய ஆண்டே வழக்கிலிருந்து விலகிவிட்டது, இழப்பீடும் கொடுக்கவில்லை. அப்படியிருக்க, இந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் ஏன் படிக்க வேண்டும்?

மறுமொழி 1:
தீர்ப்பை ஒரு நாடு மதிக்காவிட்டால் பாதுகாப்பு கவுன்சிலிடம் முறையிடலாம் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 94ஆம் பிரிவு. நிகரகுவா முறையிட்டது. 1986 அக்டோபரில் 11 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தை அமெரிக்கா தன் வீட்டோவால் வீழ்த்தியது. குற்றம் சாட்டப்பட்டவரே தண்டனையை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது. பிறகு நிகரகுவாவில் ஆட்சிக்கு வந்த வியோலெட்டா சமோரோவின் அரசு 1991இல் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

மறுமொழி 2:
பணம் வந்ததா என்பதை மட்டும் வைத்து இத்தீர்ப்பை எடைபோடக் கூடாது. எல் சால்வடோரின் கிளர்ச்சியாளர்களுக்கு நிகரகுவா ஆயுதம் அனுப்புகிறது, அந்நாட்டைக் காக்கவே, அதாவது கூட்டுத் தற்காப்புக்காகவே தலையிட்டோம் என்று அமெரிக்கா வாதிட்டது. கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் அனுப்புவது தலையீடுதான், ஆனால் அது தற்காப்பு உரிமையைத் தரக்கூடிய ஆயுதத் தாக்குதல் ஆகாது என்றும், தாக்கப்பட்ட நாடே தான் தாக்கப்பட்டதாக அறிவித்து உதவி கோரியிருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் வரையறுத்தது. பக்கத்து நாட்டைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எவரும் படையெடுத்துவிட முடியாதபடி போடப்பட்ட வேலி அது.

கண்ணிவெடி விஷயத்தில் தீர்ப்பு இன்னும் கூர்மையானது. நெதர்லாந்து, பனாமா, சோவியத் ஒன்றியம், லைபீரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் பதிவான கப்பல்கள் சேதமடைந்திருந்தும், வெடிகள் இருப்பதைப் பிற நாட்டுக் கப்பல்களுக்கு அமெரிக்கா அறிவிக்கவே இல்லை. இந்த மௌனத்தையும் நீதிமன்றம் தனியொரு சட்டமீறலாகவே கருதியது. அப்போது நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவர் இந்தியரான நாகேந்திர சிங் என்பதையும் இடையே சொல்லிவைக்கிறேன்.

மறுமொழி 3:
இதே தீர்ப்பின் இன்னொரு பக்கத்தை நண்பர் தொடவில்லை. கான்ட்ராக்கள் செய்த கொலைகளுக்கும் சித்திரவதைகளுக்கும் அமெரிக்காவைப் பொறுப்பாக்க வேண்டுமானால், அந்தந்தச் செயலின்போது அவர்கள் அதன் திறம்பட்ட கட்டுப்பாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்க உளவுத்துறை தயாரித்த கொரில்லாப் போர்க் கையேடு அத்தகைய குற்றங்களைத் தூண்டியது என்று ஏற்றுக்கொண்ட பின்னும், அந்தக் குற்றங்களை அமெரிக்காவின் கணக்கில் எழுத மறுத்தது. யுகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம் 1999இல் தாடிச் வழக்கில் இந்த அளவுகோலைத் தளர்த்தியது. சர்வதேச நீதிமன்றமோ 2007இல் போஸ்னியா வழக்கிலும் பழையதையே பிடித்துக்கொண்டது. ஏவற்படைகளை வைத்துப் போர் நடத்தும் அரசுகளுக்கு இதைவிட வசதியான விதி கிடைக்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால், நிகரகுவா தீர்ப்பை வைத்து எந்த நாடாவது உண்மையிலேயே பணம் கட்டியிருக்கிறதா?

மறுமொழி 2:
உகாண்டா கட்டியது. காங்கோவில் கிளர்ச்சிக் குழுக்களுக்கு அது கொடுத்த ஆதரவைச் சட்டவிரோதம் என்று 2005இல் முடிவுசெய்தபோது, நீதிமன்றம் நிகரகுவா தீர்ப்பையே மேற்கோள் காட்டியது. 2022 பிப்ரவரியில் 32.5 கோடி டாலர் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் முதல் தவணையான 6.5 கோடி டாலரை உகாண்டா செலுத்தியது. உகாண்டாவிடம் வீட்டோ இல்லை என்பது உண்மைதான்.