யாழினியின் வலது கணுக்கால்

யாழினி, மாலை 5.40
அத்தை, ஒரு சந்தேகம். வாலிபால் ஆட்டத்துக்கு முன்பு சுவரைப் பிடித்து நின்று கெண்டைக்காலை இரண்டு நிமிடம் இழுத்துவிடப் பெரியப்பா பழக்கியிருக்கிறார். புதிய பயிற்சியாளரோ அதை நிறுத்திவிட்டு ஃபோம் ரோலரில், அதாவது கெட்டியான நுரை உருளையில், காலை உருட்டச் சொல்கிறார். நேற்று ஸ்டீல் கருவி ஒன்றால் அழுத்தி நீவியும் விட்டார். எதைச் செய்தால் இன்னும் உயரமாக எம்ப முடியும்?

பெரியப்பா, 5.52
நான் உயரம் தாண்டிய காலத்தில் அரை மணி நேரம் தசைகளை இழுத்துவிட்ட பிறகுதான் களத்தில் இறங்குவோம். அதனால் யாருக்கும் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை, மீனா.

மீனா அத்தை, 6.10
அண்ணா, கெடுதல் என்று நான் சொல்லவில்லை. எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். அதற்கு முன் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து பார்த்துவிடுவோம். யாழி, வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நின்று, குதிகாலுக்கு அடியில் ஒரு தாளை வைத்துக்கொள். குதிகால் தரையிலிருந்து எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற கடைசி இடம் வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தி, பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து சொல். அப்பாவைத் தாளை இழுத்துப் பார்க்கச் சொல். தாள் உருவிக்கொண்டு வந்தால் அந்த அளவு செல்லாது.

யாழினி, 6.31
இடது கால் 11 சென்டிமீட்டர், வலது கால் 7. முதல் முறை வலது காலில் 9 வந்தது, ஆனால் தாள் வந்துவிட்டது.

மீனா அத்தை, 6.38
ஒரு சென்டிமீட்டர் என்பது கணுக்கால் மடங்கும் கோணத்தில் ஏறத்தாழ மூன்றரை பாகை. அப்படியானால் இரண்டு காலுக்கும் சுமார் 14 பாகை வித்தியாசம். சென்ற ஆண்டு சுளுக்கியது வலது கால்தானே? மடக்கும்போது முன்பக்கம் எலும்புக்குள் நெருடுகிறதா, பின்பக்கம் இழுக்கிறதா?

யாழினி, 6.40
பின்பக்கம்தான், கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியில் இழுக்கிறது.

மீனா அத்தை, 6.55
நல்லது. முன்பக்கம் நெருடியிருந்தால் மூட்டே பிடித்திருக்கலாம். அதற்கு நீவலும் இழுத்தலும் அதிகம் உதவாது, நேரில் வந்து காட்ட வேண்டியிருக்கும்.

எம்பும்போது குதிகால் தசைநாண் வில்லைப்போல இழுபட்டு விடுபடுகிறது. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்து வைத்துவிட்டு உடனே குதித்தால், தசையின் வேகமும் விசையும் சற்று நேரத்துக்குக் குறைகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 30 விநாடிக்குள் முடித்துக்கொண்டு, பிறகு ஓடியும் துள்ளியும் உடம்பைச் சூடாக்கினால் அந்தக் குறை அநேகமாகத் தெரியாது. ரோலரில் உருட்டினாலும் கணுக்கால் உடனே கூடுதலாக மடங்கும், குதிக்கும் திறனும் குறையாது. ஆனால் அந்த நெகிழ்வு அரை மணி நேரம் நின்றாலே அதிகம். உருட்டியதால் மட்டும் ஒருவர் உயரமாக எம்பிவிடுவதும் இல்லை.

செந்தில் (யாழினியின் அப்பா), 7.04
மீனா, அந்தக் கருவியால் நீவிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. உள்ளே தசையைப் போர்த்தி ஒட்டிக்கொண்டிருந்த சவ்வு பிரிந்ததன் அடையாளம் அது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மீனா அத்தை, 7.15
சின்ன அண்ணா, அதை நம்பாதீர்கள். உள்ளங்கால் சவ்வையும் தொடையின் வெளிப்புறச் சவ்வையும் 1 சதவீதம் உருமாற்றுவதற்கே கைகளால் கொடுக்க முடியாத அளவு விசை வேண்டும் என்று 2008இல் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். நீவியதும் கால் இலகுவாவது உண்மைதான். ஆனால் இழுவையை நரம்புகள் முன்பைவிடக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்வதே அதற்கு முக்கியக் காரணம். சிவப்பு தோலுக்கு வந்த இரத்த ஓட்டம்தான். கன்றிப்போகும்படி நீவ யாரையும் விடாதீர்கள், குழந்தையின் கால் அது.

பெரியப்பா, 7.22
அப்படியானால் நாங்கள் வருடக்கணக்கில் இழுத்துப் பழகியது வீணா?

மீனா அத்தை, 7.30
இல்லை அண்ணா, உங்கள் கால் இன்றைக்கும் மடங்குவது அந்தப் பழக்கத்தால்தான். வாரக்கணக்கில் விடாமல் இழுத்துவிட்டால் நெகிழ்வு நிலைக்கும். ஆகவே, ஆட்டத்துக்கு முன்பு ஒரு காலுக்கு ஒரு நிமிடம் ரோலர், அதன் பிறகு துள்ளல். உங்கள் இழுத்தலை யாழி இரவில் செய்யட்டும். அவளுக்குப் பிடிப்பது கீழ்த்தசை என்பதால் முழங்காலை மடக்கியபடியே இழுக்க வேண்டும். காலை நீட்டி நின்றால் இழுவை மேல்தசைக்குத்தான் போகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மிக மெதுவாகக் கீழே இறக்கி ஏற்றட்டும். அதில் நெகிழ்வோடு பலமும் ஏறும், எம்புவதற்கு வேண்டியது அந்தப் பலம்தான்.

எனக்கு அவள் எம்பும் உயரத்தைவிடத் தரையிறங்குவதைப் பற்றித்தான் கவலை. கணுக்கால் மடங்காவிட்டால் அதிர்ச்சியை முழங்கால் வாங்குகிறது. இளம் கூடைப்பந்து வீரர்களைப் பற்றி 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கணுக்கால் 36.5 பாகைக்குக் குறைவாக மடங்கியவர்களுக்கு அடுத்த ஓராண்டில் முழங்கால் தசைநாண் வலி கூடுதலாக வந்திருந்தது.

யாழினி, 8.20
அத்தை, உருட்டிவிட்டு அளந்தேன், 8.5 வந்தது. அரை மணி கழித்து மறுபடி 7.5. சுவரில் எம்பித் தொட்ட சுண்ணக்கட்டிக் கோடு முன்பும் பின்பும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

மீனா அத்தை, 8.24
அந்த 7.5ஐ மட்டும் குறித்து வை. இனி வாரம் ஒருமுறை, உருட்டுவதற்கு முன்பு அளக்க வேண்டும்.

பெரியப்பா, 8.31
ஞாயிறுதோறும் நான் வருகிறேன் கண்ணு. தாளை நான் பிடித்துக்கொள்கிறேன்.