மார்பில் ஆறாத வீக்கம்: மாத்திரையா, கத்தியா?

செம்பருத்தி, காரைக்குடி:
என் நாத்தனாருக்கு 31 வயது. பிள்ளைக்குப் பால் மறக்கடித்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது மார்பு கல்லாக வீங்கி, ஓரிடத்தில் வாய் திறந்து சீழ் வடிகிறது. ஆன்டிபயாடிக் கேட்கவில்லை. பயாப்சியில் புற்றுநோய் இல்லை, கிரானுலோமட்டஸ் மாஸ்டைடிஸ், அதாவது ஒருவகை மார்பு அழற்சி என்று வந்திருக்கிறது. டாக்டர் ஸ்டீராய்டு என்கிறார். வீட்டில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

தேவகோட்டையான்:
ஆபரேஷன்தான் அக்கா. கெட்டதை எடுத்துவிட்டால் தொல்லை முடிந்தது. ஸ்டீராய்டு தின்றால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, இதே நோய் எனக்கும் வந்தது. கீறிச் சீழ் எடுத்தார்கள். கீறிய இடம் மூடவில்லை, பக்கத்தில் இன்னொரு வாய் திறந்ததுதான் மிச்சம். அப்புறம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. கேட்டது, ஆனால் அளவைக் குறைக்கக் குறைக்க வீக்கம் திரும்பியது. பிறகு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையில்தான் அடங்கியது.

தேவகோட்டையான்:
அது புற்றுநோய் மருந்து ஆச்சி! தெரிந்துதான் சொல்கிறீர்களா?

பள்ளத்தூர் ஆச்சி:
முடக்குவாதத்துக்கும் அதைத்தான் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு ஒரே நாள். தினமும் விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. கூடவே ஃபோலிக் ஆசிட், ஈரலுக்கும் ரத்த அணுவுக்கும் அவ்வப்போது டெஸ்ட். அந்த மருந்து தின்கிற காலத்தில் கர்ப்பம் கூடவே கூடாது. செம்பருத்தி, இதை உன் நாத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

கோட்டையூர்க்காரி:
எங்கள் அப்பத்தா மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்வார்.

மருந்தாளுநர், சிவகங்கை:
அது பால் வற்றுவதற்கு. திறந்த புண்ணில் பூ வைக்காதீர்கள்.

ஆச்சியும் தேவகோட்டைத் தம்பியும் காசநோயை மறந்துவிட்டீர்கள். அது மார்பிலும் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் அதுவும் கிரானுலோமாதான், அதாவது அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு. காசநோய் உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அது பரவும். மறுபக்கம், சோதிக்காமலே காசநோய் மாத்திரையை 6 மாதம் தின்பவர்களும் உண்டு. பயாப்சித் துண்டு கெடாமலிருக்க ஃபார்மலின் திரவத்தில் போடுவார்கள்; அதில் போட்ட துண்டில் கிருமி வளராது. வடிகிற சீழையோ புதுத் துண்டையோ ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பச் சொல்லுங்கள். கொரினிபாக்டீரியம் என்று ஒரு கிருமி, கொழுப்பில் வளர்வது. அதையும் தேடச் சொல்லலாம். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் அளவும் பார்க்கட்டும். சில மனநல மாத்திரைகள் அதை ஏற்றிவிடும்.

தேவகோட்டையான்:
அப்போது கத்தியே வேண்டாம் என்கிறீர்கள்?

மருந்தாளுநர், சிவகங்கை:
அப்படிச் சொல்லவில்லை. பெரிய சீழ்க்கட்டி இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும், முடிந்தவரை ஊசியால். மருந்துக்கு அடங்காவிட்டால் அறுவையும் உண்டு. ஆனால் அதுவே முதல் வேலை இல்லை. லேசான வீக்கம் தானாகவே அடங்குவதும் உண்டு என்பதால், மருந்தே கொடுக்காமல் கவனித்துக்கொண்டிருக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள்.

செம்பருத்தி, காரைக்குடி:
ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். காசநோய் சோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன்.

தேவகோட்டையான்:
சரி, டெஸ்ட் வரட்டும். 6 மாதத்தில் ஆறவில்லை என்றால் நான் சொன்னதுதான்.

பள்ளத்தூர் ஆச்சி:
இந்த நோய்க்கு 6 மாதமெல்லாம் ஒரு காலமா தம்பி?