ரோட்ரிக்ஸ் தீவில் போய்க் குடியிருக்கலாமா?

காத்ரபோர்ன்வாசி:
போன வாரம் இங்கே ஒருவர் மொரீஷியஸ் நெரிசலைப் பற்றி எழுதியிருந்தார். தலைநகர் போர்ட் லூயி நெடுஞ்சாலையில் காலைப் பொழுது கரைவது, மெட்ரோ ஓடியும் கார்கள் குறையாதது, கடற்கரைகள் ஹோட்டல்களுக்குள் போய்விட்டது என்று எல்லாம். படித்தவர்கள் அத்தனை பேரும் ஆமாம் என்றோம். ஒரு படி மேலே போய்க் கேட்கிறேன்: நாம் ஏன் ரோட்ரிக்ஸுக்குக் குடிபோகக் கூடாது?

அதுவும் நம் மொரீஷியஸ் நாட்டைச் சேர்ந்த தீவுதான். விசா வேண்டாம், பணம் மாற்ற வேண்டாம், பேச்சும் இங்கே போலவே பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல்தான். 108 சதுர கிலோமீட்டர் நிலம், 40,000-க்குச் சற்று மேல் மக்கள். சுற்றியிருக்கும் காயல் தீவைவிட இரண்டு மடங்கு பெரியது. 2014 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. விமானத்தில் ஒன்றரை மணி நேரம், கப்பலில் ஒன்றரை நாள். நான் கப்பலில்தான் போவேன். அதன் தலைநகர் போர்ட் மாத்துரினில் இறங்கும்போது துறைமுகத்தில் நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழும். சனிக்கிழமைச் சந்தையில் எலுமிச்சை ஊறுகாய், தேன், சிவப்பு பீன்ஸ், அந்தச் சின்ன மிளகாய் எல்லாம் விளைவித்தவர் கையிலிருந்தே வாங்கலாம்.

மனைவி நர்ஸ். என் வேலை கணக்கு எழுதுவது, இணையம் இருந்தால் போதும். 2019-இல் கடலடிக் கேபிளும் வந்துவிட்டது. மகனுக்கு ஒன்பது வயது. அவன் அமைதியான ஊரில் வளரட்டும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில் அக்கா:
மறுப்பு இருக்கிறது தம்பி. இது விடுமுறைக்குப் போய் வருகிறவர் பேச்சு. உன் அம்மாவுக்கு இதய நோய் என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய். அவரையும் கூட்டிக்கொண்டு போவாய்தானே? அங்கே க்ரேவ் கேரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, நல்ல ஆஸ்பத்திரிதான். ஆனால் இதய அறுவை சிகிச்சை என்றால் விமானத்தில் இங்கே கொண்டுவர வேண்டும். 2019 மார்ச்சில் ஜோவானின்யா புயல் வந்தபோது விமானமும் இல்லை, கப்பலும் இல்லை, பல வீடுகளில் கரண்ட்டும் இல்லை. அப்படி ஒரு இரவில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வாய்? இரண்டு தீவுக்கும் நடுவில் இருக்கும் 600 கிலோமீட்டர் கடல் அப்போதுதான் தெரியும்.

அடுத்து, நம் வாழ்க்கை. தைப்பூசத்துக்கு முன் விரதம் இருக்கிறோம், காவடி எடுக்கிறோம், முடிந்து வாழை இலையில் ஏழு கறி சாப்பிடுகிறோம். தெருவே சேர்ந்து செய்வது அது. ரோட்ரிக்ஸில் மிகப் பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் அன்பானவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உன் மகன் யாரோடு காவடி எடுப்பான்?

மாத்துரின் மருமகன்:
வணக்கம் அக்கா, வணக்கம் தம்பி. நான் பிறந்தது மொரீஷியஸில் வாக்குவா. கல்யாணம் செய்துகொண்டது ரோட்ரிக்ஸ் பெண்ணை. குடியிருப்பதும் இங்கேதான். அதனால் இரண்டு பேருக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது.

முதலில் தண்ணீர். தம்பி அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இங்கே குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும். சில பகுதிகளில் வாரக்கணக்கில் வராது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் போட்டிருக்கிறார்கள், போதவில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் தொட்டி உண்டு. கூரையில் விழும் மழை தொட்டிக்குப் போகும். பாத்திரம் கழுவிய தண்ணீர் தோட்டத்துக்குப் போகும். என் மாமியார் ஒரு வாளித் தண்ணீரை எத்தனை வேலைக்குப் பயன்படுத்துகிறார் என்று பார்த்தால் மரியாதை வரும். வருகிறவர்கள் ஜூலையில் வந்து பச்சையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அக்டோபர், நவம்பரில் வந்து பாருங்கள்.

அடுத்தது நிலம். வீடு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். தீவின் பெரும்பகுதி அரசு நிலம், குத்தகைக்குத்தான் கிடைக்கும். இங்கேயே பிறந்தவர்கள் வீடு கட்ட ஒரு துண்டு நிலம் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2002-இல் சுயாட்சி வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்: எங்கள் நிலம், எங்கள் கடல் பற்றிப் போர்ட் லூயியில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள் என்று. மொரீஷியஸிலிருந்து காசோடு வருகிறவரை இங்கே சிரித்துத்தான் வரவேற்பார்கள். ஆனால் கணக்குப் பார்ப்பார்கள்.

அக்கா, உங்களுக்கு ஒன்று. மருத்துவம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. தெருவே சேர்ந்து செய்வது பற்றிச் சொன்னதை மட்டும் ஒப்ப மாட்டேன். அந்தப் புயல் முடிந்த காலை என் வீட்டுக் கூரைத் தகடுகளை எடுத்துக் கட்ட வந்தவர்களில் ஒருவருக்கும் நான் சொல்லி அனுப்பவில்லை.

வாக்குவா வாத்தியார்:
ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியன் நான். ரோஸ்ஹில் அக்காவின் பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் என் காரணம் வேறு.

இந்த நாட்டில் தமிழ் நிற்பது எண்ணிக்கையால். அரசுப் பள்ளியில் தமிழ்ப் பாடம் நடப்பதற்கு வகுப்பில் பிள்ளைகள் வேண்டும். மோக்காவில் 1970-இல் மகாத்மா காந்தி நிறுவனம் வந்தது, அங்கே ஆசிரியர்களை உருவாக்கினோம். 1998-இல் புது ரூபாய் நோட்டில் தமிழின் இடத்தை மாற்றி அச்சடித்தபோது நம் மக்கள் எழுந்து நின்றார்கள், நோட்டையே திரும்பப் பெற வைத்தார்கள். கூட்டம் இருந்ததால்தான் அது நடந்தது. வீட்டில் ஏற்கெனவே கிரியோல்தான் பேசுகிறோம். ஒவ்வொரு குடும்பமாக அமைதி தேடிக் கிளம்பினால் அடுத்த தலைமுறைக்குத் தமிழில் மிஞ்சுவது தேவாரத்தின் இரண்டு வரி மட்டும்தான். எனக்கு அது தாங்காது.

ரோஷ்புவா இளைஞன்:
என் அப்பா தமிழர், அம்மா ரோட்ரிக்ஸ்காரர். எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தத் தீவிலிருந்து கிளம்பி வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? போர்ட் லூயியில் எங்கள் பக்கத்தில் காரோ கலிப்டுஸ் பகுதிக்கு வந்து பாருங்கள். தகர வீடுகள். ரோட்ரிக்ஸில் வேலை இல்லை என்று கப்பலேறி வந்து இங்கே கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். 2016-இல் கோமாரி நோய் வந்து மாடுகள் போயின. கப்பலில் மாடு ஏற்றி விற்றுப் பிழைத்த குடும்பங்கள் உடைந்துபோயின. என் மாமா குடும்பமும் அப்படித்தான். அவர்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில் நீங்கள் மடிக்கணினியோடு போய் உட்கார்ந்து நிம்மதி என்கிறீர்கள்.

எனக்கு அங்கே பெரிய ஓடுதளம் வேண்டும். இப்போது இருப்பதில் சின்ன ஏடிஆர் விமானம்தான் இறங்கும். 2,100 மீட்டரில் புதியது போட்டால் பெரிய விமானம் வரும், வேலை வரும், டிக்கெட் விலை இறங்கும். அமைதி கெடும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கே சம்பாதிக்கத் தேவையில்லாதவர்கள்.

காத்ரபோர்ன்வாசி:
தம்பி, உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடுதளத்தில் உன்னோடு சேர முடியாது. பெரிய விமானம் வந்தால் முதலில் ஹோட்டல்காரர்கள் வருவார்கள். நம் தீவின் வடக்குக் கரையில் நடந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். வேலை என்று வருவது அறை சுத்தம் செய்யும் வேலையாக இருக்கும், கரை இன்னொருவர் கைக்குப் போய்விடும். தண்ணீர் இப்போதே போதவில்லை என்று அண்ணன் எழுதியிருக்கிறார். நூறு நூறு அறைகளாகக் கட்டினால் யார் வீட்டுக் குழாயை மூடி அங்கே தண்ணீர் விடுவார்கள்?

ரோஷ்புவா இளைஞன்:
சரி, ஹோட்டல் வேண்டாம், கட்டுப்பாடு போடட்டும். அதற்குத்தான் சொந்தச் சட்டசபை இருக்கிறதே. ஆனால் என் பாட்டியின் சாவுக்கு அம்மா போக முடியவில்லை. விமானத்தில் இடம் இல்லை, கப்பல் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஓடுதளத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

மாத்துரின் மருமகன்:
தம்பி சொல்வதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே எங்கள் வீட்டிலேயே ஓடுதளத்தைப் பற்றி ஒரே கருத்து கிடையாது. மனைவி வேண்டும் என்கிறாள், மாமனார் வேண்டாம் என்கிறார்.

ஆனால் இந்த ஊர் முடிவெடுக்கத் தெரியாத ஊர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆக்டோபஸ் குறைந்துகொண்டே வந்தது. 2012-இல் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பிடிக்கக் கூடாது என்று காயலை மூடினார்கள். பிடிப்பவர்களில் நிறையப் பேர் பெண்கள், நீர் வற்றும் நேரத்தில் ஈட்டியோடு நடந்தே போய்ப் பிடிப்பவர்கள். அந்த மாதங்களுக்கு அவர்களுக்கு வேறு வேலை கொடுத்துக் கூலி கொடுத்தார்கள். திறந்த நாளில் கரையில் கிடைத்தவற்றின் பருமனைப் பார்த்து ஊரே பேசிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மூடுகிறார்கள். தங்கள் வயிற்றைக் கட்டித் தாங்களே செய்தது இது. இப்படிப்பட்டவர்கள் ஓடுதளத்தையும் ஹோட்டலையும் பேசித் தீர்க்கட்டும். நீங்களும் நானும் காத்ரபோர்னிலிருந்தோ ரோஷ்புவாவிலிருந்தோ தீர்ப்பு எழுத வேண்டாம்.

காத்ரபோர்ன் தம்பி, உங்கள் மனைவி நர்ஸ் என்றீர்கள். அவர் வந்தால் இங்கே உண்மையாகவே பயன். கணக்கு வேலையை வெளிநாட்டுக்குச் செய்வதோடு நிறுத்தாமல், எங்கள் மிளகாய், தேன் விற்கும் பெண்கள் குழுக்களுக்கும் எழுதிக் கொடுத்தால் வாசலில் காய்கறிக்குப் பஞ்சம் இருக்காது. நிலம் கேட்காதீர்கள், வாடகைக்கு இருங்கள். கப்பல் பிந்தினால் எரிவாயு, உருளைக்கிழங்கு, மாவு எல்லாம் பிந்தும். கடையில் வரிசை நிற்கும். அப்போது இரண்டு சிலிண்டர் வைத்திருப்பவர் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார். கொடுக்காதவரையும் ஊர் நினைவில் வைத்திருக்கும்.

வாக்குவா வாத்தியார்:
மருமகன் எழுதியதைப் படித்தேன். என் கவலை தீரவில்லை, ஆனாலும் ஒன்று செய்கிறேன். காத்ரபோர்ன் தம்பி போவதாக இருந்தால் மகனுக்கு வாரம் ஒரு முறை காணொளியில் தமிழ் நடத்துகிறேன், காசு வேண்டாம். மருமகன் ஐயா, உங்கள் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். ஒரு பிள்ளை தனியாகப் படித்தால் சலித்துப்போகும்.

மாத்துரின் மருமகன்:
என் மகள் இருக்கிறாள் ஐயா. மைத்துனர் பிள்ளைகளும் கேட்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. பரவாயில்லையா?

வாக்குவா வாத்தியார்:
அனாவிலிருந்து தொடங்குவோம். அனுப்புங்கள்.

காத்ரபோர்ன்வாசி:
நன்றி ஐயா. அண்ணா சொன்னபடி நவம்பரில் வந்து வாடகை வீட்டில் ஒரு மாதம் இருக்கிறோம், தண்ணீர் வராத பகுதியாகவே பார்த்துச் சொல்லுங்கள். மனைவியும் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை நிலவரம் விசாரித்துக்கொள்வாள். ஓடுதளம் பற்றி என் கருத்து மாறவில்லை.

ரோஸ்ஹில் அக்கா:
எல்லாம் சரி. தண்ணீர், தமிழ், ஓடுதளம் எல்லாம் பேசியாயிற்று. நான் முதலில் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. நவம்பரில் புயல் காலம் தொடங்குகிறது. அம்மா வருகிறாரா, இங்கே இருக்கிறாரா? அவரிடம் கேட்டாயா தம்பி? இங்கே இருப்பதென்றால் ராத்திரி அவரோடு யார் படுத்துக்கொள்வார்கள்?