மூன்று கோடுகள்: ஆக்டிவேஷன் தீர்ந்துபோன அனுபவங்கள்

நேற்று அலமாரியைத் துடைத்தபோது ஒரு பழைய கணினி விளையாட்டின் பெட்டி அகப்பட்டது. கையேட்டின் பின்னட்டையில் சீரியல் எண் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நான் பேனாவால் போட்ட மூன்று கோடுகள். சற்றுத் தள்ளி, வேறு மையில் நான்காவது கோடு ஒன்று. பக்கத்தில் 'கெஞ்சி வாங்கியது' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த நான்கு கோடுகளின் கதையைச் சொல்கிறேன். உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும், வந்து எழுதுங்கள்.

2009இல் வாங்கியது. ஆக்டிவேஷனுக்கு, அதாவது நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி வாங்கி விளையாட்டைத் திறப்பதற்கு, இணைய இணைப்பு வேண்டும் என்று பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்று முறைதான் என்ற சேதி அங்கே இல்லை. இன்ஸ்டால் செய்யும்போது வரும் ஒப்பந்தத்தில், யாரும் படிக்காத ஏதோ ஒரு பத்தியில் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். நான் தற்செயலாகப் படித்துவிட்டேன். அதனால்தான் அன்றைக்கே முதல் கோடு.

நான்கு மாதத்தில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. புதியது போட்டு, விண்டோஸ் ஏற்றி, விளையாட்டையும் ஏற்றினேன். இரண்டாவது கோடு. அடுத்த ஆண்டு கிராபிக்ஸ் கார்டை மாற்றினேன். அதுவும் இந்த விளையாட்டு ஓடும்போது படம் திக்கித் திணறியது என்பதற்காக. மறுநாள் திறந்தால், 'புதிய கணினி கண்டறியப்பட்டது' என்கிறது. அதே மேசை, அதே பெட்டி, அதே நான். திருட்டு நகலைத் தடுக்க வைக்கும் இந்த வகைப் பூட்டு, கணினிக்குள் இருக்கும் உறுப்புகளைப் பார்த்து ஓர் அடையாளத்தைக் கணக்கிட்டு சர்வருக்கு அனுப்பிவைக்கும். உறுப்பு மாறினால் அடையாளம் மாறிவிடும். பூட்டின் கண்ணுக்கு நான் வேறு ஆள். மூன்றாவது கோடு.

பிறகு ஒரு வைரஸ் வந்து, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. விளையாட்டு கதவைச் சாத்திக்கொண்டது.

முறையாக அன்இன்ஸ்டால் செய்திருந்தால் ஓர் ஆக்டிவேஷன் திரும்பக் கிடைத்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். செத்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எப்படி ஐயா அன்இன்ஸ்டால் செய்வது? இறந்தவரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் இறப்புச் சான்றிதழ் தருவோம் என்பது போன்ற ஏற்பாடு.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து, கணினியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லிப் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். புகார் எண்ணைக் கையேட்டின் மேல் பேனாவால் எழுதி, சீரியல் எண்ணும் தெரியும்படி படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். முதல் படத்தில் எட்டா, 'பி'யா என்று தெளிவில்லையாம். ஜன்னலோரம் வைத்து மறுபடி எடுத்தேன். பத்தாம் நாள், 'இம்முறை மட்டும் விதிவிலக்காக' ஒன்று கூட்டித் தந்தார்கள். நான் நன்றி சொல்லிப் பதில் வேறு எழுதினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

அந்தப் பத்து நாளும் என் நண்பன் அதே விளையாட்டைத் திருட்டு நகலில் ஆடிக்கொண்டிருந்தான். அவனை யாரும் படமெடுத்து அனுப்பச் சொல்லவில்லை.

2008 செப்டம்பரில் 'ஸ்போர்' விளையாட்டு வந்தபோது நடந்தது பலருக்கு நினைவிருக்கும். செக்யூரோம் பூட்டு, மூன்றே ஆக்டிவேஷன். அமேசானில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன, வழக்கும் போட்டார்கள். அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் மூன்றை ஐந்தாக்கியது. அந்த ஆண்டு அதிகம் திருடப்பட்ட விளையாட்டு எது என்று டோரண்ட்ஃப்ரீக் தளம் போட்ட பட்டியலில் முதலிடமும் ஸ்போருக்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டு 'பயோஷாக்' விளையாட்டு இரண்டு ஆக்டிவேஷனில் தொடங்கி, கூச்சல் எழுந்ததும் ஐந்துக்கு ஏறி, 2008இல் வரம்பையே எடுத்துவிட்டது. எடுத்துவிட முடிகிற வரம்பை முதலில் ஏன் வைத்தார்கள்? திருடனுக்காக என்று நான் நம்பவில்லை. ஆடி முடித்தவன் பெட்டியை இன்னொருவனுக்கு விற்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்தார்கள் என்பது என் சந்தேகம்.

*

அண்ணா, உங்களுக்கு நான்கு கோடு கிடைத்தது பெரிய விஷயம். நான் ஒரே வாரத்தில் மூன்றையும் தீர்த்தவன். கடன் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று, என்னுடையது ஒன்று, தம்பியுடையது ஒன்று. எதில் நன்றாக ஓடுகிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

இதே கதை 2012 தொடக்கத்தில் குரு3டி தளத்துக்கும் நேர்ந்தது. கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதிப்பதே அவர்கள் தொழில். 'ஆனோ 2070' விளையாட்டை வைத்துச் சோதிக்கப் புகுந்தவர்களுக்கு, கார்டை மாற்றும்போதெல்லாம் ஓர் ஆக்டிவேஷன் கழிந்துகொண்டே போய், வேலை பாதியில் நின்றது. அவர்கள் அதை எழுதி, அது ஊரெல்லாம் பரவிய பிறகு, கணினியின் அடையாளக் கணக்கிலிருந்து கிராபிக்ஸ் கார்டை, விளையாட்டை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் நீக்கியது. அவர்கள் எழுதினால் நடக்கிறது. நான் எழுதிய மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில்கூட வரவில்லை.

*

வயதில் மூத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், பூட்டு எங்கள் காலத்திலும் இருந்தது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வில் முதல் கட்டத்தைத் தாண்டியதும் குப்பிகள் வரிசையாக இருக்கும் ஓர் அறை வரும். ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் எழுத்து. கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல் என்று திரை கேட்கும். அந்தச் சொல்லின் முதல் எழுத்துள்ள குப்பியைத்தான் இளவரசன் குடிக்க வேண்டும். எங்களிடம் இருந்தது கையேட்டின் நகலின் நகல். பாதிப் பக்கங்கள் கரிப் படலம். அண்ணன் கண்ணருகே வைத்துப் பார்த்து, "இது 'சி'டா, குடி" என்பான். நான் குடிப்பேன், இளவரசன் விழுவான். "அப்போது 'ஜி'யாக இருக்கும்" என்பான். ஒரு கோடைவிடுமுறை முழுவதும் அந்த அறையில் செத்திருக்கிறோம்.

இன்னொரு வகை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு அட்டை வட்டுகள். 'மங்கி ஐலண்ட்' விளையாட்டில் கடற்கொள்ளையரின் நெற்றியையும் முகவாயையும் பொருத்தினால் ஓர் ஆண்டு தெரியும்; அதைத் தட்ட வேண்டும். தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டைச் சக்கரம் இன்று கையில் இருந்தால் இன்றும் திறக்கும். அது யாரையும் தொலைபேசியில் அழைத்து அனுமதி கேட்காது. சக்கரத்தைச் செய்த கம்பெனி எப்போது மூடினால் அதற்கென்ன?

*

முதலில் எழுதியவரிடம் கேட்ட 'எட்டா, பியா' கேள்வியைக் கேட்கிற நாற்காலியில் நான் ஓராண்டு உட்கார்ந்திருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

என் திரையில் உங்கள் சீரியல் எண்ணைத் தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் பயன்படுத்தியவை 3, மீதம் 0 என்று இருக்கும். பக்கத்திலேயே கூட்டல் குறியிட்ட பொத்தான். அழுத்தினால் மீதம் 1 ஆகும். ஒரு விநாடி வேலை. ஆனால் வாங்கிய ரசீது, படம், கணினியை ஏன் மாற்றினீர்கள் என்ற கேள்வி, எல்லாவற்றையும் கடந்த பிறகுதான் அதை அழுத்தலாம். ஒருவருக்கு இரண்டாம் முறை அழுத்த வேண்டுமானால் மேலாளரிடம் போக வேண்டும். மேலாளர் எப்போதும் கூட்டத்தில் இருப்பார்.

அழைத்தவர்களில் திருடன் என்று எனக்குத் தோன்றியவர் ஒருவர்கூட இல்லை. திருட்டு நகல் வைத்திருப்பவன் எங்களை ஏன் அழைக்கப் போகிறான்? மடிக்கணினி பழுதானவர்கள், விண்டோஸ் மாற்றியவர்கள், பிறந்தநாளுக்குப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு விழிக்கிற அப்பாக்கள், இவர்கள்தான். ஒருவர் இருபது எழுத்துச் சீரியல் எண்ணை என்னிடம் ஐந்து முறை படித்தார். பின்னாலிருந்து ஒரு சிறுமி, "அப்பா, அது பூஜ்யம் இல்லை, 'ஓ'" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சிறுமி சொன்னதுதான் சரி. படம் அனுப்பச் சொல்லாமலேயே அன்றைக்கு அந்தப் பொத்தானை அழுத்தினேன். அதற்கு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

*

ஆக்டிவேஷனே இல்லாத, வட்டைச் செருகினால் போதும் என்றிருந்த விளையாட்டுகளை மட்டும் வாங்கியவன் நான். புத்திசாலி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 2015இல் விண்டோஸ் 10 வந்தது. என் வட்டுகளில் இருந்த சேஃப்டிஸ்க் பூட்டுக்குத் தேவையான டிரைவர் என்னும் துணை மென்பொருளை அது ஏற்கவில்லை. கணினியின் உள்மடி வரைக்கும் நுழைந்துகொள்ளும் டிரைவர், பாதுகாப்பு ஓட்டை என்பதுதான் காரணம். மைக்ரோசாஃப்ட் செய்தது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அலமாரியில் பதினோரு வட்டுகள் ஒரே நாளில் ஊமையாகின.

வேறு வழியில்லாமல், காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கு, பூட்டை உடைக்கும் கிராக் கோப்பு தேடிப் போனேன். எந்தக் கோப்பில் எந்த வைரஸ் இருக்குமோ என்ற நடுக்கத்தோடு இறக்கினேன். குற்ற உணர்ச்சி இல்லை. ஏனென்றால் 2008இல் யூபிசாஃப்ட்டே 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2'க்கு வெளியிட்ட திருத்தத்துக்குள், திருட்டுக் குழு ஒன்று செய்த கிராக் கோப்பு இருந்ததை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். தன் வீட்டுப் பூட்டைத் திறக்கத் திருடனிடம் சாவி வாங்கியவர்கள் அவர்கள். நான் எம்மாத்திரம்!

*

லினக்ஸில் ஆடுபவர்களுக்குச் சின்னக் குறிப்பு. டெனுவோ என்ற பூட்டுள்ள விளையாட்டில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டித்தரும் புரோட்டான் மென்பொருளின் பதிப்பை மாற்றி மாற்றிச் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு பதிப்பையும் அது ஒரு புதிய கணினியாக எண்ணக்கூடும். வரம்பைத் தாண்டினால் 24 மணி நேரம் வெளியே நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது எனக்கு.

*

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் சிறிய விளையாட்டுகளை உருவாக்குகிறவன், இரண்டு பேர்தான் எங்கள் குழு. முதல் விளையாட்டு வெளிவந்த மூன்றாம் நாள் அதன் திருட்டு நகலை ஆடிக்கொண்டிருந்த ஒருவர், அதிலுள்ள பிழையைச் சரிசெய்து தரும்படி எனக்கே மின்னஞ்சல் அனுப்பினார். சிரிக்கத் தோன்றவில்லை. பெரிய நிறுவனங்கள் முதல் சில வாரங்களுக்காவது பூட்டு வேண்டும் என்று துடிப்பது எனக்குப் புரிகிறது, விற்பனையில் பெரும்பகுதி அப்போதுதான். விற்பனை ஓய்ந்ததும் பூட்டைக் கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. அது நியாயமான வழி என்பேன்.

2013இல் 'கேம் டெவ் டைகூன்' செய்தவர்கள் ஒரு வேலை செய்தார்கள். தங்கள் விளையாட்டின் திருட்டு நகலைத் தாங்களே இணையத்தில் விட்டார்கள். அதை ஆடினால், விளையாட்டுக்குள் நீங்கள் நடத்தும் கம்பெனி திருட்டு நகல்களாலேயே திவாலாகும். இறக்கி ஆடியவர்கள் சிலர், விளையாட்டுக்குள் நகல் தடுப்பை ஆராய்ந்து கண்டுபிடிக்க வழியுண்டா என்று புலம்பினார்களாம்!

இவ்வளவு சொல்கிற நான் பூட்டுப் போட்டேனா என்றால், இல்லை. காரணம் கொள்கையல்ல. மேலே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் சொன்ன அழைப்புகளை எடுக்க எங்களிடம் ஆளில்லை.

*

முதலில் எழுதியவன் மறுபடி வருகிறேன். இவ்வளவையும் படித்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. நேற்றிரவு பழைய கணினி ஒன்றைத் தூசிதட்டி, அந்த வட்டைச் செருகினேன். இன்ஸ்டால் ஆனது. சீரியல் எண்ணைத் தட்டினேன். ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்த அதே எண். அது எட்டுதான், இப்போது மனப்பாடம்.

சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது. அட்டைச் சக்கரம் பற்றி எழுதிய ஐயா சிரிப்பார். 'கையேட்டில் உள்ள எண்ணில் வாடிக்கையாளர் சேவையை அழைக்கவும்' என்று கீழே ஒரு வரி. விடிந்ததும் அழைத்தேன். மணி அடித்தது, எனக்கே வியப்பு. எடுத்த பெண்மணி ஒரு பல் மருத்துவமனையின் பெயரைச் சொன்னார். தவறான எண் போலிருக்கிறது, மன்னியுங்கள் என்றேன்.

"விளையாட்டா?" என்று கேட்டார். "இந்த ஆண்டில் நீங்கள் மூன்றாவது ஆள்."