பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டாரில் நெக் கீழே சாய்கிறது: எடை சேர்க்கலாமா?

கேள்வி

வணக்கம். என்னுடைய பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டார் மெல்லிய பாடியும் இரண்டு குட்டையான ஹார்ன்களும் (நெக்கின் இருபுறமும் நீளும் பாடியின் கொம்பு போன்ற முனைகள்) கொண்டது. முன்பக்க ஸ்ட்ராப் பட்டன் (தோள்வாரை மாட்டும் குமிழ்), நெக் பாடியோடு சேரும் இடத்தில் பின்புறமாக இருக்கிறது. நின்று வாசிக்கையில் இடது கையை எடுத்ததுமே நெக்கின் நுனியிலுள்ள தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் தரையை நோக்கி இறங்கிவிடுகிறது. நெக்கைத் தாங்கிக்கொண்டே பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் கார்டு) பிடிக்க வேண்டியிருப்பதால் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது. பாடியின் பின்பகுதியில் எடை சேர்க்கலாமா? சேர்ப்பதானால் எவ்வளவு?

மறுமொழி 1

எடை சேர்ப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாரின் எடை மையம் முன் பட்டனைத் தாண்டி நெக் பக்கம் விழுந்தால் அது சாயத்தான் செய்யும். உருண்டையான விளிம்பு ஒன்றில் துணி விரித்து, கிட்டாரை மல்லாக்க வைத்து, எந்த இடத்தில் இருபுறமும் சமமாக நிற்கிறது என்று பார்த்தால் அந்த மையம் தெரிந்துவிடும்.

பன்னிரண்டு டியூனர்களும் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகுகள்) நீண்ட ஹெட்ஸ்டாக்கும் நெம்புகோலின் நுனியில் அமர்ந்திருப்பவை. உங்கள் வகைக் கிட்டாரில் முன் பட்டனிலிருந்து டியூனர்களின் நடுப்பகுதி ஏறத்தாழ 55 செ.மீ. தொலைவிலும், கன்ட்ரோல் அறை (வால்யூம், டோன் குமிழ்களின் வயரிங் இருக்கும் குழி) 22 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். டியூனர் ஒன்றுக்கு 10 கிராம் வீதம் 120 கிராம் குறைத்தால், அது பின்னால் 300 கிராம் சேர்ப்பதற்குச் சமம். தோளில் சுமையும் ஏறாது. ஆகவே கனமான வார்ப்பு டியூனர்களுக்குப் பதில் திறந்த பல்சக்கர வகையைப் பொருத்தலாம், அல்லது உலோகத் திருகுப்பிடிகளை மட்டுமாவது பிளாஸ்டிக்காக மாற்றலாம். துளையின் விட்டத்தையும் அடுத்தடுத்த டியூனர்களின் இடைவெளியையும் அளக்காமல் வாங்காதீர்கள். பன்னிரண்டு கம்பி ஹெட்ஸ்டாக்கில் இடைவெளி மிகவும் நெருக்கம்.

(ரிக்கன்பேக்கர் 360/12-இல் ஆறு டியூனர்களைப் பக்கவாட்டிலும் ஆறைப் பின்னோக்கியும் அமைத்து, ஹெட்ஸ்டாக்கை ஆறு கம்பிக் கிட்டாரின் அளவிலேயே 1960-களில் அடக்கிவிட்டார்கள். அழகான தீர்வு, கம்பி மாற்றுபவர்தான் பாவம்.)

மறுமொழி 2

டியூனர்களைத் தொடுவதற்கு முன் ஸ்ட்ராப்பை மாற்றிப் பாருங்கள். வழுவழுப்பான நைலான் தோளில் நழுவும். உட்புறம் சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப் சட்டையைப் பற்றிக்கொள்ளும். இலேசான சாய்வுக்கு இதுவே போதும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தோல் ஸ்ட்ராப்பில் சாய்வு மெதுவாகிறது, ஆனால் நிற்கவில்லை. சோதித்ததில், எடை மையம் பட்டனிலிருந்து இரண்டு விரற்கடை நெக் பக்கம் இருக்கிறது. பட்டனை மேல் ஹார்னின் நுனிக்கு மாற்றினால் பலன் உண்டா?

மறுமொழி 1

உங்கள் அளவுக்கு அதுவே முதல் வேலை. ஹார்ன் நுனி எடை மையத்தைத் தாண்டி ஹெட்ஸ்டாக் பக்கம் நீள்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். நீண்டால், டியூனர்களை மாற்றவே தேவையிருக்காது. மெல்லிய ஹார்ன் பிளந்துவிடக்கூடும் என்பதால், திருகின் தண்டைவிடச் சற்றுச் சிறிய துளையை முதலில் இட்டு, திருகின் மரையில் சிறிது மெழுகு தடவி, கையாலேயே முறுக்குங்கள். பழைய துளையில் வேறொரு பட்டனை மாட்டி வைக்கலாம்; அடைக்க அவசியமில்லை.